டிடிஎச் படம் உடைகிறதா, சிக்னல் போகிறதா? டிஷ்ஷில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ராத்திரி முழுக்க மழை. காலையில் டிவியைப் போட்டால் ‘சிக்னல் இல்லை’. உடனே வீட்டில் ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து ‘வரல... இன்னும் வரல...’ என்று குரல் கொடுப்பார். யாகி ஆன்டெனா காலத்துப் பழக்கம் இது. அப்போது ஒரு சாண் திருப்பினால் திரையில் புள்ளி குறைவதோ கூடுவதோ கண்ணுக்குத் தெரியும். டிடிஎச்சில் அப்படி இல்லை. 60 செ.மீ. டிஷ் வானத்தில் பார்ப்பது ஏறக்குறைய 3 டிகிரி அகலத்தை மட்டும்தான். அதைத் தாண்டினால் திரையில் ஒன்றுமே வராது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற குறிப்பும் கிடைக்காது. கனெக்டரில் தண்ணீர் புகுந்த சின்னப் பழுது ஒன்றாக இருந்தது, இப்போது டிஷ்ஷின் குறியும் போய் இரண்டாகிவிடும்.

ஆகவே டிஷ் கடைசி. டிவியில் தொடங்கி பாக்ஸ், அடாப்டர், கேபிள், கனெக்டர், எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நீளும் கையின் நுனியில் இருந்து, சிக்னலைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும் சிறு கருவி) என்று ஒவ்வொன்றாக வெளியே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

படி 1: பாக்ஸின் மெனு ஒழுங்காகத் தெரிகிறதா?

ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு துல்லியமாக வந்து, சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவி, எச்.டி.எம்.ஐ. கேபிள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. மெனுவே விட்டுவிட்டு வந்தாலோ, கோடு விழுந்தாலோ, திரை இருட்டாக இருந்தாலோ வானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிவியில் எச்.டி.எம்.ஐ. எண் மாறியிருக்கிறதா பாருங்கள், கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

திரையில் வரும் செய்தியையும் முழுதாகப் படியுங்கள். சந்தா முடிந்துவிட்டது, கார்டைப் படிக்க முடியவில்லை, இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை என்பதெல்லாம் சிக்னல் பழுது அல்ல. ஒரு சேனல் மட்டும் வராமல் மற்றவை நன்றாக வந்தால் முதலில் பேக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 2: இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

எல்லா பாக்ஸிலும் செட்டிங்ஸுக்குள் சிக்னல் பக்கம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. நம்ப வேண்டியது குவாலிட்டியை. எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே ஸ்ட்ரெங்த் ஏறிவிடும். டிஷ் வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் 70, 80 காட்டும். அது இரைச்சலையும் சேர்த்து அளக்கிறது. வந்த தகவலில் எவ்வளவு பிழையில்லாமல் வந்தது என்பதைச் சொல்வது குவாலிட்டிதான்.

ஸ்ட்ரெங்த், குவாலிட்டி இரண்டும் 0 என்றால் மின்சாரம் எல்.என்.பி. வரை போகவில்லை: அடாப்டர், கேபிள், கனெக்டர், எல்.என்.பி. இந்த நான்கில் ஒன்று. ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி மட்டும் 0 என்றால் டிஷ் நகர்ந்திருக்கலாம், எதிரே ஏதோ மறைக்கலாம், பாக்ஸ் செட்டிங் மாறியிருக்கலாம். இரண்டும் ஏறி இறங்கித் துள்ளினால் எங்கோ ஒரு தொடர்பு லூஸ்.

ஒரு பாக்ஸின் 60-ம் இன்னொரு பாக்ஸின் 60-ம் ஒன்றல்ல. பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் பாக்ஸில், வானம் தெளிவாக உள்ள நாளில் வந்த எண்தான் உங்களுக்கு அளவுகோல்.

படி 3: எப்போது போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் பல நேரம் மாடிக்கே போக வேண்டியதில்லை.

கொட்டும் மழையில் சில நிமிடங்கள் போய், மழை தணிந்ததும் தானாக வந்தால் பழுதே இல்லை. டிடிஎச் வருவது கு-பேண்ட் என்ற உயர் அலைவரிசையில். அலைநீளம் சுமார் 2.5 செ.மீ.; பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். நம் பக்கம் மழை உருவாகும் உயரம் தோராயமாக 5 கி.மீ. என்பதால், உங்கள் தலைக்கு மேல் மழை தொடங்குமுன்பே சிக்னல் போவதும் உண்டு. டிஷ் பார்க்கும் தென்கிழக்கில் 2, 3 கி.மீ. தள்ளி மேகம் கொட்டிக்கொண்டிருந்தால் போதும். கிழக்கே தாழ்ந்து இருக்கும் செயற்கைக்கோளின் சிக்னல் மழைக்குள் கூடுதல் தூரம் கடந்து வர வேண்டும். செயற்கைக்கோள்களை அவை நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகையால் குறிப்பது வழக்கம். 108.2 டிகிரியில் நிற்கும் ஏர்டெல்லின் செயற்கைக்கோள் சென்னையிலிருந்து 54 டிகிரி உயரத்தில் தெரிகிறது, 83 டிகிரியில் நிற்கும் டாடா ப்ளேயினுடையதோ 74 டிகிரி உயரத்தில்.

தூறலுக்கே போகிறது என்றால் மழையைத் திட்டிப் பயனில்லை. டிஜிட்டலில் படம் படிப்படியாக மங்குவதில்லை. விளிம்பு வரை பளிச்சென்று வந்துவிட்டுச் சட்டென்று விழும். உங்கள் டிஷ் வெயில் நாளிலேயே அந்த விளிம்பில்தான் நிற்கிறது என்று அர்த்தம். குறி சற்று விலகியிருக்கும், அல்லது எல்.என்.பி. மூடியில் விரிசல் இருக்கும்.

மழை நின்று மணிக்கணக்காகியும் வராமல், வெயில் ஏறியதும் தானாக வந்தால் கனெக்டரிலோ எல்.என்.பி.யிலோ தண்ணீர். சந்தேகமே வேண்டாம், படி 5-க்குப் போங்கள்.

காற்றடிக்கும்போது மட்டும் உடைந்தால் தாங்கியின் போல்ட் லூஸ், அல்லது தென்னை மட்டை குறுக்கே ஆடுகிறது. மாலை 7 மணிக்கு மேல் உடைந்தால் வீட்டு மின்னழுத்தம், அடாப்டர். உச்சி வெயிலில் போய் மாலையில் வந்தால் எல்.என்.பி. சூட்டில் தடுமாறுகிறது.

இன்னொன்று பலரை ஏமாற்றும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பட்டப்பகலில், தெளிந்த வானத்தில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் சிக்னல் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும் நேரம் அது. அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடுகிறது. சென்னையில் 83 டிகிரிக்கு நண்பகல் 12 மணியை ஒட்டி, 93.5 டிகிரிக்கு 11 மணியை ஒட்டி, 108.2 டிகிரிக்கு 10 மணியை ஒட்டி நடக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் அந்த நிமிடத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் இலவசமாக ஒரு சோதனை கிடைக்கும்: டிஷ்ஷின் மேல் மர நிழலோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழுந்தால், அதுதான் உங்கள் சிக்னலை மறைக்கிறது.

படி 4: அடாப்டர்

பாக்ஸை ரிமோட்டில் அணைப்பது போதாது. சுவிட்சையே அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பாக்ஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். ஆம்பியர் அளவு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். வயதான அடாப்டர் பாக்ஸின் விளக்கை எரியவைக்கும், மெனுவைக் காட்டும், எல்.என்.பி.க்கு மின்சாரம் தர வேண்டிய நேரத்தில் மூச்சுத்திணறும். சோதிக்க எளிய வழி: எல்.என்.பி. கேபிளைக் கழற்றிவிட்டுப் பாக்ஸைப் போடுங்கள். கேபிள் இல்லாமல் நிலையாக நின்று, மாட்டியதும் ரீஸ்டார்ட் ஆனால், அடாப்டர் சோர்ந்துவிட்டது அல்லது கேபிளில் ஷார்ட். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை.

படி 5: கேபிளும் கனெக்டரும்

உண்மையான பழுதுகள் குடியிருக்கும் இடம் இது. எதையும் கழற்றும் முன் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கேபிளின் நடுக்கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் இருக்கும். உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஸ்பேனர் நுனி நடுக்கம்பியையும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையையும் ஒன்றாகத் தொட்டால் பாக்ஸின் உள்ளே எல்.என்.பி. மின்சாரம் தரும் பகுதி போய்விடும்.

எல்.என்.பி. பக்கத்துக் கனெக்டரை 11 மி.மீ. ஸ்பேனரால் கழற்றி உள்ளே பாருங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். கறுத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ தண்ணீர் வந்து போயிருக்கிறது. வெளி வலைப்பின்னல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கால் அடி வெட்டிவிட்டுப் பாருங்கள். அங்கும் கறுப்பு என்றால் இன்னும் வெட்டுங்கள். வலைப்பின்னல் திரி போலத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். சில வீடுகளில் பாக்ஸின் பின்புறம் வரை வந்துவிடும். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பு நீங்கவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள். அணில் கடித்த இடம், சன்னல் கதவு நசுக்கிய இடம், ஆணி அடித்துக் கிள்ளிய இடம் ஆகியவற்றையும் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

புதுக் கனெக்டர் போடும் முறை: வெளித் தோலை 15 மி.மீ. நீளத்துக்கு உரியுங்கள். வலைப்பின்னலை மெதுவாகப் பின்னுக்கு மடித்துத் தோலின் மேல் படிய வையுங்கள். உள்ளே உள்ள வெள்ளை நுரையை, அடியில் 6, 7 மி.மீ. விட்டு, மீதியை வெட்டி எடுங்கள். பிளேடு நடுக்கம்பியைக் கீறக் கூடாது; கீறிய கம்பி நாலு நாள் காற்றில் முறியும். இப்போது கனெக்டரை ஏற்றினால், வெள்ளை நுரையின் முகம் கனெக்டருக்குள் தெரியும் தளத்தோடு சமமாக வர வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி 2, 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையானால் தொடர்பு விட்டுவிட்டு வரும், நீண்டால் எல்.என்.பி.யின் உள் பிடியை வளைத்துவிடும். கடைசியாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வலையின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கையால் திருகும் கனெக்டரைவிடக் கருவியால் அழுத்தும் கம்ப்ரஷன் கனெக்டர் எவ்வளவோ மேல். மொட்டைமாடிக்கு அதையே வாங்குங்கள்.

மாட்டிய பிறகு, சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு இறங்காதீர்கள். ஒரு சித்திரை வெயிலில் பசை உருகிப் பிரிந்து, மழைக்குத் தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும் பையாக மாறிவிடும். இழுத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது. அதைக் கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி மேலேறச் சுற்றுங்கள். கேபிள் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்திலும், சுவருக்குள் நுழையும் இடத்திலும் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும்.

கேபிள் ஆர்.ஜி-6 என்ற வகையாக இருக்க வேண்டும். 1 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 20 டெசிபெல் போல இழக்கும், 2 கிகாஹெர்ட்ஸில் 30-ஐத் தாண்டும். அதாவது 30 மீட்டர் இழுத்தால் மேல் அலைவரிசைகளில் 10 டெசிபெல் போய்விடும். நடுவே ஒட்டுப்போட்ட ஜாயின்ட்டுகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அதோடு ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். மாடியில் மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டியிருந்தால் வெட்டிச் சுருக்குங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால்: கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளி வலைப்பின்னலுக்கும் இடையே அளக்க வேண்டும். எதுவும் காட்டக் கூடாது. ஓம் ஏதாவது காட்டினால் ஷார்ட் அல்லது ஈரம். பிறகு பாக்ஸ் பக்கம் மட்டும் மாட்டிப் பாக்ஸைப் போட்டு, மாடி முனையில் வோல்ட் அளந்தால் சேனலைப் பொறுத்து 13 அல்லது 18-ஐ ஒட்டி வர வேண்டும்.

இது எதற்கும் பொறுமை இல்லையா? பாக்ஸையும் சின்ன டிவி ஒன்றையும் மாடிக்குத் தூக்கிப்போய், 2 மீட்டர் புதுக் கேபிளில் நேராக எல்.என்.பி.யோடு இணையுங்கள். படம் வந்தால் வீட்டுக் கேபிள்தான் குற்றவாளி. வராவிட்டால் எல்.என்.பி. அல்லது டிஷ். ஒரே சோதனையில் சந்தேகம் பாதியாகிவிடும்.

படி 6: எல்.என்.பி.

முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியில் மயிரிழை விரிசல் உண்டா, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா, காக்கை கொத்திய தடம் இருக்கிறதா பாருங்கள். விரிசல் இருந்தால் பசை போட்டு ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். புது எல்.என்.பி. வாங்கும்போது 9750, 10600 என்ற இரண்டு எண்களும் (வந்த அலைவரிசையிலிருந்து எல்.என்.பி. கழிக்கும் மெகாஹெர்ட்ஸ்) அதன் மேல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பாக்ஸின் செட்டிங்கும் அதோடு ஒத்திருக்க வேண்டும். கழற்றும் முன் பழையது எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது, பிடியில் எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எல்.என்.பி. நேராக நிற்காது, நன்றாகவே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு தவறினால், செயற்கைக்கோள் அனுப்பும் இரு வகை அலைகளான செங்குத்து அலையும் கிடை அலையும் ஒன்றில் ஒன்று கலந்து குவாலிட்டி விழும்.

படி 7: இப்போது டிஷ்

முதலில் திருப்பாமல் பாருங்கள். துணி காயப்போடும் கயிறு டிஷ் கம்பத்தில் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். ஈரப் புடவையின் பாரம் ஒரு டிகிரியை நகர்த்தப் போதும். கம்பம் செங்குத்தாக இருக்கிறதா, தரையில் பதித்த போல்ட் ஆடுகிறதா, டிஷ்ஷின் விளிம்பு எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கிய டிஷ்ஷைத் தட்டி நிமிர்த்தினாலும் பழைய குவாலிட்டி வருவது அபூர்வம்.

கம்பமும் விளிம்பும் சரியாக இருந்து, குறிதான் போயிருக்கிறது என்றால், எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். டாடா ப்ளே 83 டிகிரி கிழக்கு, டி2எச் 88, சன் டைரக்ட் 91.5-லும் 93.5-லும், டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட்-15 இருக்கும் 93.5, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. 93.5-ஐ எடுத்துக்கொண்டால், வடக்கிலிருந்து வலச்சுற்றாகச் சென்னையில் 134 டிகிரி திசை, 68 டிகிரி உயரம். மதுரையில் திசை 122, உயரம் 68 முதல் 69. கோவையில் திசை 123, உயரம் 67. ஃபோன் திசைகாட்டியை டிஷ்ஷின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்; நாலடி தள்ளி நின்று பாருங்கள். டிஷ்ஷின் முகம் 68 டிகிரிக்கு நிமிர்ந்து தெரியாது, அதைவிடக் குறைவாகவே தெரியும். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் அது பார்க்கும் திசை முகத்தைவிட 20 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கும். தாங்கியில் அச்சாகியிருக்கும் அளவுகோல் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததுதான்.

நம்மூரில் டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் ஒரு விசித்திரம் உண்டு. கம்பத்தில் இடவலமாக 1 டிகிரி திருப்பினால் வானத்தில் 0.4 டிகிரிக்கும் குறைவாகத்தான் நகரும். மேல்கீழ் நட்டில் 1 டிகிரி என்றால் முழுசாக 1 டிகிரி. விளிம்பில் அது வெறும் அரை சென்டிமீட்டர். எனவே இடவலம் தாராளம், மேல்கீழ் கஞ்சம். டெல்லிப் பக்கத்து வீடியோக்களைப் பார்த்துவிட்டு இடவலத்தில் மட்டுமே மல்லுக்கட்டுகிறவர்கள் தோற்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: இப்போதைய நிலையில் கம்பத்திலும் தாங்கியிலும் மார்க்கர் கோடு. மேல்கீழ் அளவுகோலை உங்கள் ஊரின் உயரத்தில் வைத்து நட்டை அரைகுறையாக இறுக்குங்கள். டிஷ்ஷை இடமிருந்து வலமாக மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு விரற்கடை நகர்த்தி 3 விநாடி நிற்க வேண்டும், பாக்ஸ் பிடித்துக்கொள்ள அந்த நேரம் தேவை. கிடைக்காவிட்டால் உயரத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி. குவாலிட்டி தென்பட்டதும் ஒவ்வொரு திசையிலும் அது விழும் இடம் வரை போய், இரண்டு விளிம்புக்கும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு எல்.என்.பி.யை அதன் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி உச்சம் பாருங்கள். நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். ஒரே நட்டை முழுக்க முறுக்கினால் டிஷ் இழுபட்டு 5 புள்ளி குறைந்துவிடும். டிஷ்ஷின் முன்னால் நின்றபடி எண்ணைப் பார்த்தால் உங்கள் தலையே மறைக்கும்.

ஃப்ரீ டிஷ் பாக்ஸில் தேடுவதற்கு அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்துப் பார்க்கலாம். சிக்னல் கிடைத்தால் விசில் அடிக்கும் மலிவு விலை மீட்டரான சாட் ஃபைண்டர் ‘ஏதோ ஒரு செயற்கைக்கோள்’ என்றுதான் சொல்லும். 91.5, 93.5, 95 மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால், பாக்ஸில் உங்கள் சேனல் வந்தால் மட்டுமே நம்புங்கள்.

மின்னல் நாளிலும், கையெட்டும் தூரத்தில் மின்கம்பி போகும் மாடியிலும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சில சேனல்கள் மட்டும் வராதபோது

பாதிச் சேனல் வந்து பாதி வராவிட்டால் 13, 18 வோல்ட் விவகாரம். 13 வோல்ட்டில் செங்குத்து அலை, 18-ல் கிடை அலை. கேபிளில் இழப்பு கூடினாலோ அடாப்டர் சோர்ந்தாலோ 18 எட்டாமல் கிடைச் சேனல்கள் மொத்தமாகப் போகும். ஒரு டிஷ்ஷில் இரண்டு பாக்ஸை ஸ்ப்ளிட்டர் போட்டு இணைத்தவர்களுக்கும் இதே கதை: ஒரு பாக்ஸ் 13 கேட்கும், இன்னொன்று 18 கேட்கும். இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி. வாங்கித் தனிக் கேபிள் இழுப்பதுதான் தீர்வு.

11550-லிருந்து 11630 வரை உள்ள அலைவரிசைகள் மட்டும் உடைந்தால், பக்கத்தில் மொபைல் டவர் உண்டா என்று பாருங்கள். எல்.என்.பி. 9750-ஐக் கழித்துக் கேபிளில் அனுப்புவது 1800-லிருந்து 1880 மெகாஹெர்ட்ஸ். 4ஜி-யின் 1800 பேண்டும் அங்கேதான். உறை கிழிந்த கேபிள் அதை உள்ளே விட்டுவிடும். நல்ல கேபிளும் கம்ப்ரஷன் கனெக்டரும் போட்டால் அடங்கும்.

ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் இடங்களுக்கான ஏலம் முடிந்து ஏப்ரல் தொடக்கத்தில் சேனல் வரிசை மாறுவது வழக்கம். அப்போது ஒரு சேனல் காணாமல் போனால் ஆட்டோ ஸ்கேன் போதும். படத்தைச் சுருக்கும் பழைய முறையான எம்பெக்-2 மட்டும் தெரிந்த பாக்ஸ், புதிய முறையான எம்பெக்-4 சேனல்களைக் காட்டாது. அதற்கு எந்தத் திருப்பலும் உதவாது.

அரசு கேபிள், தனியார் கேபிள் பாக்ஸ் வைத்திருப்பவர்கள்

டிஷ் இல்லை, மழை பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்ப்ளிட்டர்கள் உண்டு. இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று 4 டெசிபெல் போல எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் ஸ்ப்ளிட்டரைத் தாண்டி, வெளியிலிருந்து வரும் வயரை நேராகப் பாக்ஸில் கொடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால் பழுது உங்கள் வீட்டில். அப்போதும் உடைந்தால் தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயரிலோ கம்பத்து இணைப்பிலோ. எந்தெந்தச் சேனல் உடைகிறது என்ற பட்டியலோடு கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். ‘எதுவுமே தெரியல அண்ணா’ என்பதைவிட அது வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

சரிசெய்த அன்றே, வெயில் நேரத்தில், நாலைந்து சேனல்களின் குவாலிட்டி எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பாக்ஸின் அடியில் ஒட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 10 புள்ளி இறங்கியிருந்தால் முதலில் எல்.என்.பி. கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பியின் நிறத்தைப் பாருங்கள்.